பொம்பெய்: ஆடியோ சொல்றது ஒண்ணு, கண்ணு முன்னாடி இருக்கறது ஒண்ணு. அவசரம், உதவுங்க

ஊர்சுற்றி84 | திங்கள், பிற்பகல் 2:06

இத்தாலியில எரிமலைச் சாம்பல்ல புதைஞ்ச பழைய ரோமானிய ஊர் பொம்பெய் உள்ளதான் இருக்கோம். வழிகாட்டி வைக்கல, போன்ல ஆடியோ போட்டுக்கிட்டு நடக்கறோம். அது சொல்றதும் இங்க இருக்கறதும் ஒத்தே வரல. 3-ஆவது ட்ராக்ல "சுத்தி தூண் வரிசையோட பெரிய திறந்தவெளி, பின்னால வெசூவியஸ் மலை"ன்னு வந்துச்சு. அது சரியா இருந்துச்சு. அடுத்து "பசிலிக்கா"ன்னு ஒரு பழைய நீதிமன்றக் கூடத்தைச் சொல்லுது, அப்படி ஒண்ணும் இங்க காணோம். சரின்னு 7-ஆவது ட்ராக்குக்கு 7-ன்னு நம்பர் போட்ட வாசலைத் தேடிப் போனோம். ஆடியோ குளியல் கூடம்ங்குது, அது ஒரு இடிஞ்ச வீடு. அம்மாவும் ரெண்டு பிள்ளைங்களும் கூட இருக்காங்க, வெயில் தாங்கல. சீக்கிரம் சொல்லுங்க.

மலைச்சாரல் | 2:11

எந்த ஆடியோன்னு சொல்லலையே சகோ. வாசல்ல வாடகைக்கு வாங்கின கருவியா, ஆப்பா, முன்னாடியே இறக்கி வச்ச கோப்பா? எந்த வாசல் வழியா உள்ள போனீங்க?

கீபோர்டுகுமார் | 2:13

இது ஜி.பி.எஸ். பிரச்சினைதான், சந்தேகமே வேணாம். லொக்கேஷன் துல்லியத்தை 'ஹை'ல வச்சுட்டு, விமானப் பயன்முறையை ஒரு தடவை போட்டு எடுங்க. எனக்குத் துருக்கியில எஃபேசஸ்ல இதேதான் நடந்துச்சு. நூலகத்து முன்னாடி நிக்கறேன், ஆப் என்னைத் தியேட்டர்ல காட்டுது.

பழஞ்சுவடி | 2:20

போவதற்கு முன் அரை மணி நேரம் படித்திருந்தால் இந்தக் கேள்வியே வந்திருக்காது. இந்த இழைப்பகுதியிலேயே பலமுறை சொல்லிவிட்டேன். வாசலில் இருக்கும் எண்ணுக்கும் ஆடியோ எண்ணுக்கும் எந்தச் சம்பந்தமும் கிடையாது. 19-ஆம் நூற்றாண்டில் அகழாய்வைப் பார்த்துக்கொண்ட ஜுசெப்பே ஃபியோரெல்லி நகரத்தை ஒன்பது 'ரெஜியோ'க்களாகப் பிரித்தார். ஒவ்வொரு ரெஜியோவிலும் 'இன்சுலா' என்கிற மனைத்தொகுதிகள். ஒவ்வொரு இன்சுலாவிலும் வாசல்களுக்கு 1, 2, 3 என்று வரிசை எண். ஆகவே 7-ஆம் எண் வாசல் நகரம் முழுக்க எத்தனையோ இருக்கும். தெரு மூலையில் ரோமன் எண்ணில் ரெஜியோ, இன்சுலா பலகை இருக்கும், அதையும் சேர்த்துப் படித்தால்தான் அது முகவரி. நீங்கள் எங்கள் ஊருக்கு வந்து தெருப் பெயர் இல்லாமல் "7-ஆம் நம்பர் வீடு எங்கே" என்று கேட்பது போல இருக்கிறது இது.

ஊர்சுற்றி84 | 2:24

வாடகைக் கருவி இல்ல, போன்ல இறக்கி வச்ச இலவச ஆடியோ. 1-லேருந்து 20 வரைக்கும் நம்பர். ஜி.பி.எஸ். எல்லாம் அதுல கிடையாது, நாமளே ப்ளே பண்ணணும். வாசல் நம்பர் விஷயம் புரிஞ்சுது ஐயா, நன்றி. ஆனா 3 சரியா வந்துச்சே, 4 ஏன் வரல? பேட்டரி 41%.

கீபோர்டுகுமார் | 2:26

அப்போ கோப்பு பாதிதான் இறங்கியிருக்கும். நடுவுல ஒரு ட்ராக் விட்டுப்போச்சுன்னா வரிசை மாறிடும். ஒவ்வொரு கோப்பும் எத்தனை நிமிஷம்னு பாருங்க.

மிலானோவாசி | 2:29

ஊர்சுற்றி, மலைச்சாரல் கேட்டதுக்கு நீங்க இன்னும் பதில் சொல்லல. எந்த வாசல்? தெரியலேன்னா பரவாயில்ல, எந்த ஸ்டேஷன்ல இறங்கினீங்கன்னு சொல்லுங்க. அது போதும்.

ஊர்சுற்றி84 | 2:31

பொம்பெய் ஸ்டேஷன்தான். நாப்போலியில ரயில் ஏறினோம். இறங்கி ஊருக்குள்ள பெரிய தேவாலயம் பக்கமா நடந்து, அங்கேருந்து வாசல்.

மிலானோவாசி | 2:38

அதுதான் விஷயம். போனையும் கோப்பையும் விட்டுடுங்க, ரெண்டும் நல்லாத்தான் இருக்கு.

'பொம்பெய்'னு பேர்ல ஒண்ணுக்கு மேல ஸ்டேஷன் இருக்கு. நாப்போலி–சொரெந்தோ போற சிர்கும்வெசுவியானா சின்ன ரயில்ல வந்தா 'பொம்பெய் ஸ்காவி – வில்லா தெய் மிஸ்தேரி'ங்கற ஸ்டேஷன். இறங்கினா கிட்டத்துலயே போர்ட்டா மரினா வாசல். ஆடியோ பண்றவங்க பெரும்பாலும் அங்கேருந்துதான் தொடங்குவாங்க. நீங்க வந்தது தேசிய ரயில்ல, புது ஊர் ஸ்டேஷனுக்கு. அங்கேருந்து தேவாலயம் தாண்டி நடந்தா வர்றது பியாத்சா அன்ஃபிதேயாத்ரோ வாசல். அது பழைய நகரத்தோட நேர் எதிர்க்கோடி. ஆடியோ மேற்கு ஓரத்துலேருந்து பேசுது, நீங்க கிழக்கு ஓரத்துல நிக்கறீங்க.

ஒண்ணு மட்டும் பாருங்க. ஆடியோ 3-ல சொல்ற திறந்தவெளி ஃபோரம், அதாவது நகரத்தோட மையச் சதுக்கம். நீங்க அதுன்னு நினைச்ச இடத்து நடுவுல பள்ளமா ஒரு குளம் இருக்கா? எதிர்ல முட்டை வடிவத்துல பெரிய அரங்கம் இருக்கா?

ஊர்சுற்றி84 | 2:40

ஆமா!! குளம் இருக்கு, அரங்கமும் எதிர்லயே இருக்கு. அப்போ இது ஃபோரம் இல்லையா? மலை பின்னாடி தெரியுதே.

மிலானோவாசி | 2:44

மலை ஊர்ல பல இடத்துலேருந்து தெரியும். அது பெரிய பலேஸ்த்ரா, இளைஞர்கள் உடற்பயிற்சி பண்ண இடம். அதுக்கும் மூணு பக்கம் தூண் வரிசை உண்டு, ஃபோரத்துக்கும் உண்டு. முதல் தடவை வர்ற யாரும் ஏமாறுவாங்க, நானும் ஏமாந்திருக்கேன்.

தலைகீழ்ப்பாடம் | 2:47

சுலபமான வழி: 20-லேருந்து 1 வரை பின்னாலேருந்து ப்ளே பண்ணிட்டே போங்க.

மலைச்சாரல் | 2:49

வேணாங்க. "இப்போ இடது பக்கம் திரும்பு, அடுத்த மூலையில நில்லு"ன்னு அது சொல்லும்போது எல்லாம் தலைகீழா இருக்கும். வயசானவங்களையும் பிள்ளைங்களையும் வச்சுக்கிட்டு அந்தக் கல் ரோட்ல அலைய முடியாது. இலவச ஆடியோ நிறைய ஃபோரத்தைச் சுத்தித்தான் பேசும். அரங்கம் பக்கம் வரவே வராது.

கீபோர்டுகுமார் | 2:50

வெளிய வந்து டாக்சி பிடிச்சு போர்ட்டா மரினா வழியா மறுபடி உள்ள போயிடலாமே.

மிலானோவாசி | 2:52

கூடாது! வெளிய வந்துட்டா அதே டிக்கெட்டுக்கு மறுபடி உள்ள விடமாட்டாங்க. 2024 நவம்பர்லேருந்து ஒரு நாளைக்கு 20,000 பேர்தான், டிக்கெட்டும் பேர் போட்டுத்தான். உள்ளயே நடங்க. இதோ வழி.

ஆடியோவை நிறுத்திடுங்க. வந்தது வந்தாச்சு, அரங்கத்தை முதல்ல பாருங்க. கி.மு. 70 வாக்குல கட்டினது, 20,000 பேர் உக்காரலாம். கல்லால கட்டின அரங்கங்கள்ல இப்போ நிக்கறதுல இதுதான் ரொம்பப் பழசு. கி.பி. 59-ல இங்க பக்கத்து ஊர் நுகேரியாக்காரங்களுக்கும் உள்ளூர்க்காரங்களுக்கும் பெரிய அடிதடி நடந்து, ரோம் செனட் பத்து வருஷம் போட்டிகளைத் தடை பண்ணுச்சு. பிள்ளைங்களுக்கு இந்தக் கதை போதும், ஆடியோ வேணாம்.

அப்புறம் அரங்கத்துலேருந்து வடக்கே நடங்க. குறுக்கே ஒரு அகலமான நேர் ரோடு வரும், அதுதான் வியா தெல்லாப்பொந்தான்த்சா. அதுல இடது பக்கம் திரும்புங்க. வெசூவியஸ் உங்க வலக்கைப் பக்கம் இருக்கணும். இருந்தா சரியான திசை. ஒரு கிலோமீட்டருக்குள்ளதான், நேரா போனா ஃபோரம். வியா ஸ்தபியானா குறுக்கே போற சந்திப்பைத் தாண்டினதும் வலது பக்கம் ஸ்தபியானா குளியல் கூடம் வரும். அதுக்கப்புறம் ஒரு பெண் உருவம் செதுக்கின தண்ணித்தொட்டி. அந்த உருவம் கொன்கோர்தியா தேவதை. வளமைத் தேவதைன்னு தப்பா நினைச்சுத்தான் தெருவுக்கே 'வளமைத் தெரு'ன்னு பேர் வச்சாங்க. ரோடு முடியற இடத்துல வண்டி உள்ள போகாம இருக்க நட்டு வச்ச கல் தெரியும். அதைத் தாண்டினா ஃபோரம். அங்க நின்னு 3-ஐ மறுபடி போடுங்க. 4-ல பசிலிக்கா தானா வரும்.

அம்மா கால் பார்த்து நடக்கச் சொல்லுங்க. ரோட்ல வண்டிச்சக்கரம் அரைச்ச பள்ளம் ஆழமா இருக்கும். தெருவைக் கடக்க நடுவுல உயரமான கல் போட்டிருப்பாங்க, அது உயரம் அதிகம். ஓரத்து நடைமேடையிலேயே போறது நல்லது.

ஊர்சுற்றி84 | 2:55

புரிஞ்சுது அண்ணா. நடக்கறோம். அம்மா பொம்பெய்ல ஒரு லட்சுமி சிலை இருக்குன்னு கேள்விப்பட்டாங்களாம், அது எங்க?

காவிரிக்கரை | 3:02

அது இப்போ அங்க இல்லீங்க, நாப்போலி தேசியத் தொல்லியல் அருங்காட்சியகத்துல இருக்கு. தந்தத்துல செஞ்சது, கால் மீட்டர் உயரம்தான். 1938-ல கிடைச்சது. நம்ம தமிழ் வணிகர்கள் முசிறியிலேருந்து கொண்டுபோன சிலை அது. அம்மாகிட்ட சொல்லுங்க, பெருமையா இருக்கும்.

பழஞ்சுவடி | 3:09

உணர்ச்சிவசப்பட்டு எழுத வேண்டாம். சிலையின் அடியில் கரோஷ்டி எழுத்து இருக்கிறது. கரோஷ்டி வடமேற்கில் வழங்கிய எழுத்து, முசிறியில் அல்ல. அதே சாயலுள்ள உருவங்கள் மகாராஷ்டிரத்தில் தேர், போகர்தன் என்ற ஊர்களிலும் கிடைத்துள்ளன. அவள் லட்சுமி என்பதுகூட முதலில் வைத்த பெயர்தான். யட்சி என்று கொள்வோரே இன்று அதிகம்.

காவிரிக்கரை | 3:13

கரோஷ்டி உள்ளது சரி, மறுக்கல. எந்தத் துறைமுகத்துலேருந்து கப்பல் ஏறுச்சுன்னு அந்த ஒரு எழுத்தை வச்சு முடிவு பண்ண முடியாதே. ரோமானியரோட கடல் வணிகம் முசிறியிலேருந்து நடந்ததுக்கு வியன்னாவுல இருக்கற முசிறி பாப்பிரஸ் ஒப்பந்தமே சாட்சி. ஆனா "தமிழ் வணிகர்கள் கொண்டுபோனது"ன்னு நான் உறுதியா எழுதினது தப்பு. அதைத் திரும்ப எடுத்துக்கறேன்.

மிலானோவாசி | 3:15

ஊர்சுற்றி, நீங்க இப்போ நடந்துகிட்டிருக்கற அதே ரோட்ல இடது பக்கம்தான் அந்தச் சிலை கிடைச்ச வீடு. ரெஜியோ 1, இன்சுலா 8. வாசல்ல பளிங்கு பதிச்ச மேடையில வட்ட வட்டமா ஓட்டை போட்ட சாப்பாட்டுக் கடை ஒண்ணு அதே வரிசையில இருக்கும், அதை அடையாளம் வச்சுக்குங்க. அந்தக் கடையில ஒரு தாழியில ஆயிரத்துக்கும் மேல காசு கிடைச்சுது. அம்மாவுக்குச் சிலையைக் காட்ட முடியலேன்னாலும் அது இருந்த தெருவைக் காட்டலாம். அருங்காட்சியகத்துக்கு நாளைக்குப் போகாதீங்க, செவ்வாய்க்கிழமை விடுமுறை.

தலைகீழ்ப்பாடம் | 3:21

இன்னொரு விஷயம். அந்த ஆடியோ "ஆகஸ்ட் 24"ன்னு சொல்லுதா? சொன்னா ரொம்பப் பழைய பதிவு, நம்பாதீங்க. கி.பி. 79-ல எரிமலை வெடிச்சது அக்டோபர்லன்னு 2018-லயே தெரிஞ்சுபோச்சு.

பழஞ்சுவடி | 3:30

தெரிந்துபோகவில்லை. சுவரில் கரித்துண்டால் எழுதிய ஒரு வரி கிடைத்தது. நவம்பர் கலெண்ட்ஸுக்கு, அதாவது மாதத்தின் முதல் நாளுக்கு, 16 நாள் முன். ரோமானியர்கள் அந்த முதல் நாளையும் சேர்த்தே எண்ணுவார்கள், ஆகவே அக்டோபர் 17. அதில் ஆண்டு கிடையாது. கி.பி. 78-இல் எழுதியதாகவும் இருக்கலாம். ஆகஸ்ட் 24 என்பது ரோமானிய எழுத்தாளர் இளைய பிளினி வரலாற்றாசிரியர் தாசிதுஸுக்கு எழுதிய கடிதத்தின் நல்ல பிரதிகளில் உள்ள தேதி. நேரில் பார்த்தவர் சொன்னது.

தலைகீழ்ப்பாடம் | 3:34

பிளினி எழுதினது சம்பவம் நடந்து கால் நூற்றாண்டு கழிச்சு. அவர் எழுதின கையெழுத்தும் நம்மகிட்ட இல்ல, நூத்தாண்டு நூத்தாண்டா பிரதி எடுத்ததுதான் இருக்கு, அதுலயும் பிரதிக்குப் பிரதி தேதி மாறுது. கரியில எழுதினது ஒரு வருஷம் அழியாம நிக்குமா? மாதுளை கிடைச்சிருக்கு, குளிர் காயற கணப்பு கிடைச்சிருக்கு, திராட்சரசம் ஊத்தி மூடி வச்ச தாழி கிடைச்சிருக்கு. ஆகஸ்ட்ல யார் கணப்பு மூட்டுவாங்க?

பழஞ்சுவடி | 3:41

கணப்பைச் சமையலுக்கும் வைப்பார்கள். பழங்களைப் பதப்படுத்தியும் வைப்பார்கள். கரி உள்வீட்டுச் சுவரில், மழை படாத இடத்தில் இருந்தது. இலையுதிர்காலம் என்ற வாதம் வலுவானது என்பதை நான் மறுக்கவில்லை. "தெரிந்துபோச்சு" என்ற சொல்லைத்தான் மறுக்கிறேன். ஆயிரம் பேருக்கு மேல் செத்துக்கிடந்த ஊர் அது. அவர்கள் செத்த நாளை நாம் பொறுப்பில்லாமல் மாற்றி எழுதக்கூடாது.

தலைகீழ்ப்பாடம் | 3:44

அந்த வார்த்தை அதிகம்தான். ஒத்துக்கறேன். ஆனா ஆகஸ்ட்னு மட்டும் சொல்ற ஆடியோவும் அதே தப்பைத்தான் பண்ணுது.

மலைச்சாரல் | 3:47

தேதியை வேற இழையில பேசுங்களேன். அவங்க இன்னும் வெயில்ல நிக்கறாங்க. ஊர்சுற்றி, தெருத்தொட்டிகள்ல வர்ற தண்ணி குடிக்கலாம், பாட்டில்ல பிடிச்சுக்குங்க. அரங்கம் பக்கத்துல 'ஓடியவர்களின் தோட்டம்'னு ஒண்ணு இருக்கு. சாம்பல்ல புதைஞ்ச 13 பேரோட பிளாஸ்டர் வார்ப்பு, சின்னப் பிள்ளைகளும் அதுல உண்டு. உங்க பிள்ளைங்களுக்கு என்ன வயசுன்னு தெரியல. முன்னாடியே சொல்லிட்டுக் கூட்டிட்டுப் போங்க, இல்லேன்னா விட்டுடுங்க.

மிலானோவாசி | 4:35

ஊர்சுற்றி, ஃபோரம் வந்துட்டீங்களா?

கீபோர்டுகுமார் | 5:20

பேட்டரி போயிருக்கும்.

மிலானோவாசி | 6:02

வந்து ஒரு வரி எழுதுங்க. திரும்பும்போது ரயிலுக்கு மறுபடி அரங்கம் வாசல் வரைக்கும் நடக்க வேணாம். போர்ட்டா மரினா வழியா வெளிய வந்து, பக்கத்து ஸ்காவி ஸ்டேஷன்லயே நாப்போலிக்குச் சின்ன ரயில் ஏறலாம். தனி டிக்கெட் எடுக்கணும், அவ்வளவுதான்.

ஊர்சுற்றி84 | செவ்வாய், அதிகாலை 12:48

மன்னிக்கணும், போன் அணைஞ்சுபோச்சு. சொன்ன மாதிரியே போனோம். ஃபோரத்துல 3 போட்டதும் 4-ல பசிலிக்கா சரியா வந்துச்சு, 7-ல குளியல் கூடமும் வந்துச்சு. 11 வரைக்கும் கேட்டோம். சிலை கிடைச்ச தெருவுல அம்மா கொஞ்ச நேரம் உக்காந்தாங்க. அந்தப் பெண் உருவத் தொட்டி விளிம்புல, தண்ணி குடிக்கக் குனியறவங்க கை ஊன்றி ஊன்றி கல்லே தேய்ஞ்சு குழியா இருக்கு. அம்மா அதுல கை வச்சுப் பார்த்தாங்க, சரியாப் பொருந்துச்சு. புதன்கிழமை அருங்காட்சியகம் போறோம். எல்லாருக்கும் நன்றி.