ஆக்சிலரேட்டரிலிருந்து காலை எடுத்தால் பின்னால் ஊளைச் சத்தம்: டயரா, கிரவுன் பினியனா?

போடிக்காரன்:
வணக்கம். என்னிடம் இருப்பது 7 பேர் உட்காரும் பழைய டீசல் வண்டி. பின்சக்கர இழுவை, பின்னால் லீஃப் ஸ்பிரிங், ஓட்டம் 1,80,000 கி.மீ.க்கு மேல். கொஞ்ச நாளாகப் பின் சீட்டுக்கு அடியிலிருந்து 'ஊ...' என்று ஒரு சத்தம். 50-இல் ஆரம்பித்து 60, 70-இல் உச்சத்துக்குப் போகிறது. மிதித்து ஓட்டும்போது அவ்வளவாக இல்லை. தேனி ரோட்டில் காலை எடுத்து வண்டியைத் தானாக ஓட விட்டால், பக்கத்து வீட்டில் மிக்ஸி ஓடுகிற மாதிரி கேட்கிறது. ஒரு ஒர்க்‌ஷாப்பில் நாலு டயரையும் மாற்றச் சொன்னார்கள். இன்னோர் இடத்தில் கிரவுன் பினியன் செட்டே, அதாவது பின் ஆக்சிலுக்குள் சக்கரங்களைச் சுழற்றும் பெரிய பல்சக்கரமும் (கிரவுன்) அதை ஓட்டும் சின்னதும் (பினியன்), போய்விட்டது என்கிறார்கள். எதை நம்புவது?

நாலுவழிச்சாலை:
டயருக்குச் செலவு செய்யாதீர்கள். டயர் சத்தம் ரோட்டைப் பொறுத்து மாறும். புதுத் தாரில் அடங்கும், கான்கிரீட்டில் கத்தும். நீங்கள் மிதிப்பதும் விடுவதும் அதற்குத் தெரியாது. சந்தேகமாக இருந்தால் முன் டயரைப் பின்னால் மாற்றிப் போட்டு ஓட்டிப் பாருங்கள், செலவே இல்லை.

மணி_63:
வீல் பேரிங்கையும் பார்த்துவிடுங்கள் சார். ஆள் இல்லாத ரோட்டில் 50-இல் மெதுவாக இடது வலது வளைத்தால், எடை எந்தப் பக்கம் சாய்கிறதோ அந்தப் பக்கத்துப் பேரிங் உறுமும். ஆனால் அது 'ஊ' என்று ஊளையிடாது, 'கொர்' என்றுதான் இருக்கும்.

கியர்பெட்டி:
தம்பி, முதலில் கியர்பாக்ஸா பின் ஆக்சிலா என்று பிரித்துக்கொள்ளுங்கள். சமதளத்தில் ஒரே 55-ஐ மூன்றாவது, நாலாவது, ஐந்தாவது கியர்களில் பிடித்துப் பாருங்கள். கியர் மாற்றியும் சத்தத்தின் சுருதி மாறவில்லை என்றால் விஷயம் கியர்பாக்ஸுக்குப் பின்னால் இருக்கிறது. அப்புறம் நியூட்ரலில் விட்டுப் பாருங்கள். இதைப் போடிமெட்டு மலை இறக்கத்தில் செய்து வைக்காதீர்கள்!

போடிக்காரன்:
பார்த்துவிட்டேன் அண்ணே. மூன்று கியரிலும் ஒரே சுருதிதான். நியூட்ரலில் விட்டால் குறைகிறது, ஆனால் இருக்கிறது. வளைத்து ஓட்டினால் மாற்றமில்லை. டயரை மாற்றிப் போட்டும் அதேதான்.

கியர்பெட்டி:
அப்படியானால் டிஃப்ரன்ஷியல்தான், பின் ஆக்சிலின் நடுவில் கிரவுன் பினியன் இருக்கும் அந்தப் பெட்டி. மிதிக்கும்போது மட்டும் கத்தினால் பினியனின் உள்பக்கப் பேரிங்கைச் சந்தேகப்படுவேன், காலை எடுக்கும்போது கத்தினால் வெளிப்பக்கப் பேரிங்கை. கிரவுன் பினியன் பற்களின் இடைவெளி தவறினாலும் கத்தும், அதனால் கழற்றிப் பார்க்காமல் சத்தியம் செய்ய மாட்டேன். ஒன்று சொல்லுங்கள், சமீபத்தில் அந்தப் பக்கம் யாராவது கை வைத்தார்களா?

போடிக்காரன்:
ஆமாம், பினியன் சீல் (பினியன் தண்டு வழியாக எண்ணெய் வெளியேறாமல் தடுக்கும் வளையம்) கசிந்ததென்று புதுசு போட்டார்கள். இப்போது யோசித்தால் சத்தம் அதற்கப்புறம்தான் வந்தது. எண்ணெய் குறைவோ என்று ஃபில்லர் பிளக்கைத் திறந்தேன், துளையின் கீழ் விளிம்பு வரை இருக்கிறது. டிரெயின் பிளக் காந்தத்தில் சாம்பல் நிறப் பசை மட்டும்தான், துகள் இல்லை.

கியர்பெட்டி:
பசை இருந்தால் பயமில்லை, அது வழக்கமான தேய்மானம். நகத்தில் இடறும் அளவுக்குச் சில்லு வந்தால்தான் பல் உடைந்திருக்கும்.

சீலை மாற்ற ஃபிளாஞ்சை, அதாவது கியர்பாக்ஸிலிருந்து வரும் தண்டு பினியனோடு சேரும் தட்டை, கழற்ற வேண்டும், அதற்குப் பினியன் நட்டை அவிழ்க்க வேண்டும். அந்த நட்டை வெறும் நட்டு என்று நினைக்கிறவர்கள்தான் அதிகம். பல வண்டிகளில் இரண்டு பினியன் பேரிங்குகளுக்கு நடுவே நசுங்கக்கூடிய ஒரு ஸ்லீவ் (சின்ன உலோகக் குழாய்) இருக்கும். நட்டை இறுக்கும் அளவுக்கு அது நசுங்கும், பேரிங்குகளின் முன்னழுத்தம், அதாவது ஆட்டமில்லாமல் அவற்றைப் பிடித்து வைக்கும் இறுக்கம், அதில்தான் அமைகிறது. காற்றழுத்தத்தில் நட்டை முடுக்கும் ஏர் கன்னை வைத்து 'டர்ர்' என்று அடித்தால் ஸ்லீவ் தேவைக்கு மேல் நசுங்கி, பேரிங் இறுகிச் சூடாகும். குறைவாக விட்டால் பினியன் முன்னும் பின்னும் அசையும். காலை எடுக்கும்போது ஊளை கேட்பது பெரும்பாலும் அப்படித்தான். சில வண்டிகளில் ஸ்லீவுக்குப் பதில் ஷிம் (மெல்லிய தகட்டு வளையம்) இருக்கும், அங்கே கதை வேறு.

வண்டியை ஸ்டாண்டில் ஏற்றி, சக்கரங்களுக்குக் கட்டை கொடுத்துவிட்டு, பினியன் ஃபிளாஞ்சைப் பிடித்து மேலும் கீழும் ஆட்டுங்கள். கொஞ்சம் சுழன்றால் அது பற்களின் இடைவெளி, கவலை வேண்டாம். மேலும் கீழுமோ முன்னும் பின்னுமோ ஆடக் கூடாது.

போடிக்காரன்:
ஆடுகிறது! லேசாகத்தான், ஆனால் கையில் 'டக்' என்று தெரிகிறது.

மணி_63:
அப்போ நட்டை இன்னும் ஒரு சுற்று இறுக்கிவிட்டால் முடிந்தது. எதற்குப் பெரிய வேலை? கூடவே கெட்டியான 140 கிரேடு கியர் எண்ணெய் ஊற்றினால் சத்தமே வராது.

கியர்பெட்டி:
மணி சார், கெட்டி எண்ணெய் சத்தத்தை மூடும், பேரிங்கைக் காப்பாற்றாது. தளர்ந்து ஓடிய பேரிங்கின் தடம் ஏற்கெனவே குழிந்திருக்கும், இப்போது நட்டை மட்டும் இறுக்கினால் அந்தக் குழியோடு சேர்த்து இறுக்குகிறோம். பிரித்து இரண்டு பினியன் பேரிங், ஸ்லீவ், நட்டு, சீல் எல்லாம் புதுசாகப் போடச் சொல்லுங்கள் தம்பி. முன்னழுத்தத்தைக் கைக்கணக்கில் வைக்காமல், பினியனைச் சுழற்ற எவ்வளவு விசை பிடிக்கிறது என்று சின்ன டார்க் ரெஞ்சில் அளக்கிறவரிடம் கொடுங்கள். பற்களில் வண்ணம் தடவிச் சுழற்றினால் எந்த இடத்தில் உரசுகிறது என்று தெரியும். தடம் நடுவில் இருந்தால் கிரவுன் பினியன் பிழைத்தது. மாற்றினால் ஜோடியாகத்தான் மாற்ற வேண்டும், ஒன்றை மட்டும் மாற்றினால் புதுச் சத்தம் வரும்.

ஆக்சில் மேல் இருக்கும் பிரீதரையும் (உள்ளே இருக்கும் காற்று வெளியேறும் துளை) ஊதிப் பாருங்கள். அது மண்ணடைத்திருந்தால் உள்ளே அழுத்தம் ஏறி, புதுச் சீலும் கசியும்.

போடிக்காரன்:
வேலை முடிந்தது அண்ணே. வெளிப் பேரிங்கில் அரிசி மணி அளவுக்குக் குழிகள். பற்களின் தடம் நன்றாக இருந்ததால் கிரவுன் பினியனை மாற்றவில்லை. பிரீதரில் உண்மையிலேயே களிமண். கியர் எண்ணெய் ஜிஎல்-5 80டபிள்யூ-90 கிரேடு ஊற்றினார்கள். இப்போது 65-இல் காலை எடுத்தால் கண்ணாடி ஏற்றியிருக்கும்போது மட்டும் மிக லேசாகக் கேட்கிறது. இதையும் பார்க்க வேண்டுமா?

கியர்பெட்டி:
பினியன் ஆடியபடியே ஓடியதில் பற்கள் கொஞ்சம் வேறு மாதிரி தேய்ந்திருக்கும், அந்த மீதிச் சத்தம் போகாமலும் இருக்கலாம். அரை மணி நேரம் ஓட்டி நிறுத்தி, டிஃப்ரன்ஷியலில் பினியன் பக்கம் கை வைத்துப் பாருங்கள். கையை வைத்திருக்க முடிந்தால் விட்டுவிடுங்கள். வைக்கவே முடியாத சூடு என்றால் முன்னழுத்தம் அதிகம், அன்றைக்கே திரும்பக் கொண்டுபோங்கள். ஆயிரம் கி.மீ. கழித்து எண்ணெயை ஒருமுறை மாற்றிவிடுங்கள்.