பாடும்போது ஒலி உடைகிறது: ராம் கூட்டுவதா, ப்ராசஸர் மாற்றுவதா?

கேள்வி
நான்கு கோர் (ப்ராசஸருக்குள் கணக்குப் போடும் பகுதி), எட்டு த்ரெட் (ஒரே நேரத்தில் ஓடும் வேலை வரிசை), 16 ஜிபி ராம் உள்ள லேப்டாப்பில் இசையமைக்கிறேன். 48 கிலோஹெர்ட்ஸ் (நொடிக்கு 48,000 ஒலித் துளி), பஃபர் 128 (ஒரு தவணையில் கணக்கிடும் துளிகள்). இப்போதைய பாட்டில் 40 ட்ராக். பாடகி ஹெட்ஃபோன் மாட்டிப் பாடத் தொடங்கியதும் ‘டிக் டிக்’ என்று உடைகிறது. நேற்று சரணத்தின் கடைசி வரியை அப்படி உருகிப் பாடினார்; அந்த டேக் வீணாகிவிட்டது. மறுபடி பாடினார், அந்த உருக்கம் வரவில்லை. டாஸ்க் மேனேஜரில் ப்ராசஸர் 35% தான், ராம் 11 ஜிபி. 32 ஜிபி போட்டால் சரியாகுமா?

பதில் 1
ஆகாது. இன்னும் 5 ஜிபி சும்மா இருக்கிறதே! மாஸ்டரில், அதாவது எல்லா ட்ராக்கும் சேர்ந்து வெளியே போகும் கடைசிச் சேனலில், என்னென்ன ப்ளகின் (ஒலியை மாற்றும் துணை மென்பொருள்) போட்டிருக்கிறீர்கள்?

கேட்டவர்
லீனியர் ஃபேஸ் ஈக்வலைசர், கம்ப்ரசர், ஓவர்சாம்ப்ளிங் 4 மடங்கில் (உள்ளே 4 மடங்கு துளிகளைக் கணக்கிடும்) ஒரு லிமிட்டர்.

பதில் 2
அங்கேதான் இருக்கிறது வினை. அந்த 35% சராசரிக் கணக்கு, அதை நம்பாதீர்கள். எட்டு த்ரெட்டில் ஒன்று முழுக்கத் திணறினாலும் மொத்தத்தில் 12.5% தான் காட்டும். மாஸ்டரில் மூன்று ப்ளகினும் ஒன்றின் பின் ஒன்றாக நிற்கின்றன. முன்னது முடித்துக் கொடுத்தால்தான் பின்னது தொடங்க முடியும், அதனால் பொதுவாக அந்த வரிசை முழுவதும் ஒரே கோரின் தலையில் விழும். மற்ற கோர்கள் கை கொடுக்க வழியில்லை.

128 பஃபர் என்றால் நொடிக்கு 375 தவணை. ஒவ்வொன்றுக்கும் 2.67 மில்லிசெகண்ட். ஒரு தவணை தவறினாலும் காதில் ‘டிக்’. பஃபரை 1024 ஆக்கினால் 21 மில்லிசெகண்ட் கிடைக்கும், உடையாது. ஆனால் பாடகிக்குத் தன் குரலே தாமதமாகக் கேட்கும், தாளம் தவறிவிடும். மிக்ஸிங்குக்கு மட்டும் 1024 வையுங்கள்.

பாட வரும்போது மாஸ்டர் ப்ளகின்களை அணைத்துவிடுங்கள். லீனியர் ஃபேஸ் ஈக்வலைசர் தன் பங்குக்கும் தாமதம் சேர்க்கும், பாடும் நேரத்தில் அதற்கு வேலையே இல்லை. கனமான சிந்த் (மென்பொருள் வாத்தியம்) ட்ராக்குகளை ஃப்ரீஸ் செய்யுங்கள், அதாவது தற்காலிகமாக ஆடியோவாக மாற்றி வையுங்கள். அப்புறம், சார்ஜரைச் செருகி வையுங்கள். பேட்டரியில் ஓடும்போது பல லேப்டாப்கள் வேகத்தைக் குறைத்துக்கொள்ளும்.

ப்ராசஸர் வாங்கும் நாள் வந்தால் ஒற்றைக் கோர் வேகத்தை முதலில் பாருங்கள், கோர் எண்ணிக்கையை அடுத்து. கோர் நிறைய இருந்தால் ட்ராக் நிறைய ஓடும். ஒரே ட்ராக்கில் பத்து ப்ளகின் அடுக்கினால் அது உதவாது. நீங்கள் சொன்ன அந்தச் சரணம் மாதிரி ஒன்றை நானும் இழந்திருக்கிறேன். அதனால்தான் இவ்வளவு எழுதுகிறேன்.

பதில் 3
ராமையும் ஒரேயடியாக ஒதுக்க வேண்டாம். வயலின், செல்லோ, பிராஸ் என்று பெரிய சாம்பிள் லைப்ரரிகளை (நிஜ வாத்தியங்களைப் பதிவு செய்த ஒலித் தொகுப்புகள்) அடுக்குபவருக்கு 32 ஜிபிகூடப் போதாமல் போகலாம். ஒவ்வொரு சாம்பிளின் தொடக்கத் துண்டும் ராமில் உட்காரும், மிச்சம் டிஸ்க்கிலிருந்து வரும். ராம் நிரம்பினால் கம்ப்யூட்டர் டிஸ்க்கையே ராமாகப் பயன்படுத்தத் தொடங்கும், அப்போது எந்த ப்ராசஸரும் காப்பாற்றாது. சாம்பிள்கள் எஸ்எஸ்டியில் இருக்கட்டும்.

கேட்டவர்
மாஸ்டர் மூன்றையும் அணைத்து, இரண்டு சிந்தை ஃப்ரீஸ் செய்தேன். 128-இலேயே ஒரு ‘டிக்’ இல்லை. நாளைக் காலை அந்தச் சரணத்தை மறுபடி பாட வருகிறார்.