ஜெர்சி சிட்டி காண்டோ: வீட்டு வரிக்குப் பதில் 'பைலட்' என்கிறார்களே, வாங்கலாமா?

பாத் ரயில் பயணி:
நியூ ஜெர்சி மாநிலத்தின் ஜெர்சி சிட்டியில், ஜெர்னல் ஸ்கொயர் பக்கம் ஒரு காண்டோ (சொந்தமாக வாங்கும் அடுக்குமாடி வீடு) பார்த்தோம். ஏஜென்ட் அம்மா, "இதற்கு வழக்கமான வீட்டு வரி கிடையாது, பைலட்தான்" என்றார். "விமானி எதற்கு?" என்று என் மனைவி காதோரம் கேட்டாள். பில்டருக்கு நகராட்சி கொடுத்த வரிச்சலுகையாம். வரிக்குப் பதிலாக ஒரு தொகை (payment in lieu of taxes, சுருக்கமாக PILOT) கட்டினால் போதுமாம், இன்னும் 11 வருஷம் பாக்கியாம். பக்கத்துத் தெருவில் அதே விலைக்குப் பார்த்த பழைய வீட்டின் வரியைவிடக் கணிசமாகக் குறைவு. இதில் எங்கே உதைக்கிறது?

ஹைட்ஸ்காரன்:
தம்பி, நான் இதே ஊரின் ஹைட்ஸ் பகுதியில் சென்ட்ரல் அவென்யூவுக்கு இரண்டு தெரு தள்ளி 26 வருஷமாக இருக்கிறேன். இரண்டு குடும்ப வீடு, மாடியை வாடகைக்கு விட்டிருக்கிறேன். சலுகை ஒரு பைசா கிடையாது.

நீங்கள் கட்டப்போகும் தொகையில் 95 சதவீதம் நகராட்சிக்கு, 5 சதவீதம் கவுன்ட்டிக்கு (மாவட்ட நிர்வாகத்துக்கு). பள்ளிக்கென்று அதில் பங்கே இல்லை. என் வரியில் பள்ளிக்கும் ஒரு பெரிய துண்டு போகிறது. உங்கள் பிள்ளையும் என் பேத்தியும் ஒரே வகுப்பில் உட்காரலாம், பில் மட்டும் என் வீட்டுக்கு வரும். 2018-ல் மாநிலம் சட்டத்தைத் திருத்தி இந்த ஊர்ப் பள்ளிகளுக்கான உதவியை வெட்ட ஆரம்பித்தது. பள்ளிக்குப் பணம் வேண்டுமே என்று அதே வருஷம் நகராட்சி கம்பெனிகள் கட்டும் 1 சதவீதச் சம்பள வரி கொண்டுவந்தது. 1988-க்குப் பிறகு முதல் சொத்து மறுமதிப்பீடும் அதே 2018-ல்தான். முப்பது வருஷம் மதிப்பிடாமலே ஓட்டிய ஊர் ஐயா இது!

உங்கள்மேல் கோபம் இல்லை. சலுகையில் பெரும்பங்கு உங்களுக்கு வரவும் வராது. வரி குறைவு என்று சொல்லியே விலையை ஏற்றி, முதல் விற்பனையிலேயே பில்டர் அதைக் காசாக்கியிருப்பார்.

கணக்கன்:
அண்ணா, கொஞ்சம் பொறுங்கள். இதே ஊரின் நியூபோர்ட் பகுதி 80-களில் என்ன? கைவிட்ட ரயில் யார்டு. அன்றைக்குச் சலுகை இல்லாமல் அங்கே எவன் கட்டியிருப்பான்? நகராட்சிக்குப் போகும் அந்த 95 சதவீதம் உங்கள் தெருக் குப்பையையும்தானே அள்ளுகிறது.

ஹைட்ஸ்காரன்:
நியூபோர்ட்டுக்குக் கொடுத்தது சரி, ஒப்புக்கொள்கிறேன். மன்ஹாட்டனுக்கு நேர் ரயில் இருக்கிற ஜெர்னல் ஸ்கொயருக்கு எதற்கு? 2017-ல் குஷ்னர் என்ற ரியல் எஸ்டேட் நிறுவனம் அங்கே 30 வருஷச் சலுகை கேட்டது. ஊர் கொதித்தது, அப்போதைய மேயர் ஃபுலப் ஆதரவில்லை என்றார். வழக்கு வரைக்கும் போனது. கடைசியில் கட்டத்தான் செய்தார்கள்.

கணக்கன்:
அது சரிதான். பயணி, உதைக்கிற இடத்தைச் சொல்கிறேன். மாநிலச் சட்டப்படி இந்த நீண்ட காலச் சலுகை ஒரே தொகையாகக் கடைசி வரை போகாது. காலம் போகப் போக முழு வரியில் குறைந்தது 20, 40, 60, 80 சதவீதம் என்று படி ஏறும், முடிந்ததும் முழு வரி. எனவே இன்றைய பைலட்டை வைத்து மாதத் தவணைக் கணக்குப் போடாதீர்கள். நகராட்சியோடு பில்டர் போட்ட ஒப்பந்தத்தை வாங்கி, அடுத்த படி எந்த வருஷம் என்று உங்கள் வக்கீலைப் பார்க்கச் சொல்லுங்கள்.

பாத் ரயில் பயணி:
நன்றி. ஒப்பந்தம் கேட்டு ஏஜென்டுக்கு மெயில் போட்டேன். சமையலறைக் கல்லின் நிறத்தைக் கேட்டபோது பத்தே நிமிஷத்தில் பதில் வந்தது. இதற்கு மூன்று நாளாகியும் பதில் இல்லை.