மின்நூலை நண்பருக்கு இரவல் கொடுக்க வழி உண்டா?

வணக்கம். கோலாலம்பூரில் பிரிக்பீல்ட்ஸ், செந்தூல் பக்கம் இருக்கும் நாங்கள் சிலர் தமிழ்ப் புத்தகங்களை மாற்றி மாற்றிப் படிக்கிறோம். அச்சுப் புத்தகத்தில் பெரிய தொல்லை இல்லை. கேஎல் சென்ட்ரலில் கைமாற்றிக்கொள்வோம். யாரிடம் எது இருக்கிறது என்று கூகுள் ஷீட்டில் குறித்துவிடுவோம். (சமையல் புத்தகம் மட்டும் மஞ்சள் கறையோடுதான் திரும்பும்.)

குழப்பம் மின்நூலில்தான். அமேசானின் மின்நூல் தளமான கின்டிலில் 2016 முதல் தமிழ் நூல்கள் கிடைப்பதால் நிறைய வாங்கிவிட்டேன். ஆனால் காசு கொடுத்தாலும் நமக்குக் கிடைப்பது வாசிக்கும் உரிமம் மட்டுமே. பெரும்பாலான கோப்புகள் நகலெடுத்துப் பகிர முடியாதபடி மின்பூட்டோடு வருகின்றன, தோழிக்கு அனுப்பினாலும் திறக்காது. பூட்டை உடைக்கும் வழியை யாரும் சொல்ல வேண்டாம். வாட்ஸ்அப்பில் பிடிஎஃப் சுற்றுவதும் எனக்குப் பிடிக்காது, எழுதியவர் வயிற்றில் அடிக்கிற வேலை அது. தமிழ் நூல்களை இணையத்தில் இலவசமாகத் தரும், 1998இல் தொடங்கிய மதுரைத் திட்டம் தெரியும், பழைய இலக்கியத்துக்கு அதுவே போதும். நான் தேடுவது புதிய நாவல்கள், முக்கியமாக நம் மலேசிய எழுத்தாளர்களுடையவை.

மலேசியாவில் இருந்துகொண்டு அமேசானின் குடும்பப் பகிர்வு வசதியைப் பயன்படுத்துபவர்கள் இருக்கிறீர்களா? துன் ரசாக் சாலை தேசிய நூலகத்தில் தமிழ் மின்நூல் இரவல் எடுத்த அனுபவம் யாருக்காவது உண்டா? பூட்டில்லாத இபப் (EPUB என்ற மின்நூல் கோப்பு) விற்கும் பதிப்பகம் தெரிந்தாலும் சொல்லுங்கள்.

அப்புறம், பினாங்கிலிருந்து ஓர் அக்கா எங்களோடு சேரக் கேட்கிறார். தபாலில் புத்தகம் அனுப்பும் குழுக்களில் செலவு யாருடையது, அனுப்புபவருடையதா, கேட்பவருடையதா?