23 வயதில் தேர்வானவர் இன்னும் வளர்வாரா?

கூடைப்பந்து நண்பர்களுக்கு வணக்கம். 2024 என்பிஏ டிராஃப்டில் (அமெரிக்கக் கூடைப்பந்து லீக்கின் அணிகள் புதிய வீரர்களை வரிசையாகத் தேர்ந்தெடுக்கும் நிகழ்வில்) லேக்கர்ஸ் அணி 17ஆவதாக எடுத்த டால்டன் நெக்ட், அப்போதே 23 வயதைக் கடந்து, புதுமுகத்துக்குச் சற்று மூத்தவராக இருந்தவர் என்பதால், அவரது எதிர்காலத்தை எப்படி மதிப்பிடுவது என்று உங்களிடம் கேட்க விரும்புகிறேன். அதே ஆண்டு நவம்பரில் யூட்டா அணிக்கு எதிராக 37 புள்ளிகள் குவித்தவர், அடுத்த பிப்ரவரியில் சார்லட் அணிக்கு மாற்றப்பட்டு, அந்த ஒப்பந்தம் ரத்தானதால் திரும்பி வந்தார், பாவம்தான். 2016இல் 36ஆவதாகத் தேர்வாகி, 24 வயதில் சிறந்த புதுமுக வீரர் விருது பெற்ற மால்கம் பிராக்டன் நம்பிக்கை தருகிறார். 2021இல் 24 வயதில் 13ஆவதாகத் தேர்வான கிறிஸ் துவார்த்தேயோ முதல் ஆண்டுக்குப் பின் மங்கிப்போனார். நெக்ட்டின் தடுப்பாட்டம்தான் எனக்குக் கவலை. அந்த வயதுக்குப் பிறகு அதில் தேறியவர்கள் உண்டா என்று விவரமறிந்தவர்கள் சொல்லி உதவ வேண்டுகிறேன்.