சுவிட்ச் ஆஃப், மின்னோட்டம் இல்லை, ஆனாலும் மீட்டர் 9 வோல்ட் காட்டுகிறது. ஏன்?

நிலவன்07: நாளைக்குத் தேர்வு, அவசரம். சுவிட்ச் ஆஃபில் இருந்தால் மீட்டர் 9 காட்டுகிறது, ஆன் பண்ணினால் 0. தலைகீழாக இருக்கிறதே? மின்னோட்டம் இல்லையென்றால் ஓம் விதிப்படி (வோல்ட்டேஜ் = மின்னோட்டம் × தடை) வோல்ட்டேஜும் 0 தானே?

செம்பருத்தி: மீட்டர் முனைகளை எங்கே வைத்தீர்கள்? சுவிட்சுக்கு இருபுறமா, ரெசிஸ்டருக்கு இருபுறமா? சுற்றில் வேறு என்ன இருக்கிறது?

ஆம்பியர்தாசன்: பேட்டரி வீக்காக இருக்கும். புதுசு போட்டுப் பாருங்கள். பாதிப் பிரச்சினை அதில்தான்.

மூத்தவர்: வோல்ட்டேஜ் என்பது இரண்டு புள்ளிகளுக்கு இடையே உள்ளது, தம்பி. பாடத்தின் முதல் பக்கத்திலேயே இருக்குமே. எந்த இரண்டு புள்ளி என்று சொல்லாமல் 9, 0 என்றால் என்ன அர்த்தம்?

நிலவன்07: சுவிட்சுக்கு இருபுறமும். 9 வோல்ட் பேட்டரி, 1 கிலோ ஓம் ரெசிஸ்டர், அவ்வளவுதான்.

கார்முகில்: தண்ணீர்க் குழாயை நினைத்துக்கொள்ளுங்கள். குழாயை மூடினால் ஓட்டம்தான் நிற்கும், அழுத்தம் அப்படியே இருக்கும்.

மூத்தவர்: இந்தத் தண்ணீர்க் கதைதான் பிள்ளைகளைக் குழப்புகிறது. குழாயை வெட்டினால் தண்ணீர் கொட்டும். கம்பியை வெட்டினால் என்ன கொட்டுகிறது? ஒரு கூலும் மின்னூட்டத்துக்கு ஒரு ஜூல் ஆற்றல், அதுதான் ஒரு வோல்ட். அதைப் படித்தால் போதும்.

கார்முகில்: ஐயா, நான் சொன்னது மூடிய குழாய், வெட்டிய குழாய் இல்லை. வரையறையை மனப்பாடம் செய்தவருக்கும் இந்தச் சந்தேகம் வரத்தான் செய்யும்.

செம்பருத்தி: சண்டை அப்புறம். நிலவன், ஆஃபில் மின்னோட்டம் 0, அதனால் ரெசிஸ்டரில் விழும் வோல்ட்டேஜும் 0. அதன் இரு முனைகளும் ஒரே மின்னழுத்தத்தில் இருக்கின்றன. அப்படியென்றால் பேட்டரியின் 9 வோல்ட் எங்கே போகும்? முழுசும் சுவிட்சின் இடைவெளிக்கு இருபுறமும் நிற்கிறது. ஆன் செய்தால் 9 மில்லியாம்பியர் ஓடும். ஒவ்வொரு கூலும் மின்னூட்டமும் 9 ஜூலை ரெசிஸ்டரில் வெப்பமாக விட்டுவிடும். மூடிய சுவிட்சின் தடை ஏறக்குறைய 0, எனவே அங்கே 0. ஓம் விதியை ரெசிஸ்டருக்குப் போடுங்கள். திறந்த சுவிட்சில் கைகொடுப்பது கிர்க்காஃபின் மின்னழுத்த விதி: பேட்டரி தரும் வோல்ட்டேஜும், சுற்றின் மற்ற பாகங்களில் விழும் வோல்ட்டேஜ்களின் கூட்டுத்தொகையும் சமம்.

ஆம்பியர்தாசன்: மீட்டர் வழியாகவும் கொஞ்சம் மின்னோட்டம் போகுமே? பிறகு எப்படி 9 முழுசாக வரும்?

செம்பருத்தி: போகும். ஆனால் பல டிஜிட்டல் மீட்டர்களின் உள்தடை 10 மெகா ஓம். அப்போது 1 கிலோ ஓமில் விழுவது 1 மில்லிவோல்ட்டுக்கும் குறைவு, மீட்டரில் தெரியாது.

மூத்தவர்: இது சரியான விளக்கம். தண்ணீர் வேண்டியிருக்கவில்லை, பாருங்கள்.

நிலவன்07: முனைகளை ரெசிஸ்டருக்கு மாற்றிப் பார்த்தேன். ஆஃபில் 0, ஆனில் 9. புரிந்தது, நன்றி செம்பருத்தி.