சென்டர் மைனஸ் எட்டரை: ரிசீவர் செட்டிங்கில் உங்களுக்கு நடந்ததைச் சொல்லுங்கள்

அல்சூர்வாசி, பெங்களூரு

ஒரு வருஷமாக உறுத்திக்கொண்டிருக்கிறது, இங்கே இறக்கி வைக்கிறேன். வீட்டு டிவிக்கு 5.1 செட்: முன்னால் ஃப்ரண்ட் இரண்டு, நடுவில் சென்டர் ஒன்று, சரவுண்ட் இரண்டு, கூடவே பேஸுக்கு (அடித்தொனிக்கு) ஒரு சப்வூஃபர். எல்லாவற்றையும் ஓட்டுகிற பெட்டி, ரிசீவர், நடுத்தர விலை. மாட்ட வந்த பையன் நாலு மணிக்கு வந்தான், ஐந்தரைக்கு இன்னொரு வீடு என்று வாட்ச்சைப் பார்த்துக்கொண்டே இருந்தான். வயர் இழுத்தான், ஸ்பீக்கர் ஒவ்வொன்றின் தூரத்தையும் சத்தத்தையும் ரிசீவர் தானே அளக்க உதவும் மைக்கைச் சொருகினான், ஒவ்வொரு ஸ்பீக்கரும் ஒரு தடவை கூவி ஓய்ந்தது. "ஆட்டோ செட்டப் முடிஞ்சுது சார்" என்று கையெழுத்து வாங்கிக்கொண்டு கிளம்பிவிட்டான்.

அப்பா கும்பகோணத்திலிருந்து வந்து எட்டு மாதம் எங்களோடு இருந்தார். எட்டு மாதமும் ஒரே புகார்: "பாட்டு காதைப் பொளக்குது. பேசறது மட்டும் கேக்கலடா." நான் என்ன சொன்னேன்? "உங்களுக்கு எழுபத்திநாலு ஆச்சுப்பா, காது டாக்டரைப் பாக்கலாம்." பார்த்தோம். வயதுக்கான குறைவு கொஞ்சம் இருக்கிறது, வேண்டுமானால் மெஷின் வைக்கலாம் என்றார். அதுவரை சமாளிக்கட்டும் என்று சப்டைட்டில் போட்டுக் கொடுத்தேன். அது இங்கிலீஷில்தான் இருந்தது. கண்ணாடியை மூக்கு நுனிக்கு இறக்கி, தமிழ்ப் படத்தை இங்கிலீஷில் படித்துக்கொண்டு உட்கார்ந்திருப்பார் மனுஷர். பாதி வரி படிப்பதற்குள் அடுத்தது வந்துவிடும்.

அவர் ஊருக்குப் போன பிறகு, சோபாவை இடம் மாற்றியதால் முதல் முறையாக மேனுவல் மெனுவைத் திறந்தேன். ஃப்ரண்ட் இரண்டும் 1.3 மீட்டர். சென்டர் 0.6 மீட்டர், லெவல், அதாவது சத்த அளவு, மைனஸ் 8.5 டெசிபல். சோபாவுக்கும் சென்டருக்கும் நடுவில் மூன்று மீட்டருக்கு மேல் இருக்கிறது! அப்போதுதான் அந்தச் சாயங்காலம் கண் முன்னால் வந்தது. சரவுண்ட் வயர் இழுக்க டீபாயை டிவி பக்கம் ஒதுக்கி வைத்திருந்தோம். அதன் மேல், நாங்கள் கொடுத்த காபி டம்ளருக்குப் பக்கத்தில், மைக். சென்டர் ஸ்பீக்கர் யாரோ ஒருவர் மூஞ்சிக்கு நேராகக் கத்துகிறது என்று ரிசீவர் நினைத்து அதை அடக்கி வைத்துவிட்டது. படத்தில் வசனம் முக்கால்வாசி வருவது அதிலிருந்துதான்.

அந்த டம்ளரை இன்னமும் பார்க்கப் பிடிக்கவில்லை.

செம்பூர் மூன்றாவது மாடி, மும்பை

என் தொல்லை சென்டரில் இல்லை, சப்வூஃபரில். 10க்கு 12 அடி ஹால், இருந்த ஒரே இடம் மூலை, அங்கே வைத்தேன். ஆட்டோ செட்டப் சப்பைக் குறைத்து வைத்ததை நானே ஆறு டெசிபல் ஏற்றினேன், 'பத்தவில்லை' என்று. இரண்டு வாரம் சொர்க்கம்.

கீழ் வீட்டில் ஒரு பாலக்காட்டுப் பாட்டி. லிஃப்டில் பார்த்தபோது சிரித்துக்கொண்டேதான் சொன்னார்: "உங்காத்துல எப்ப சண்டை வரது, எப்ப பாட்டு வரதுன்னு என் கட்டில் சொல்லிடும்பா. நேத்து க்ளைமாக்ஸ் பதினொண்ணே முக்காலுக்குத்தானே?" சரியாகப் பதினொன்றே முக்கால். திட்டியிருந்தால்கூடத் தேவலை.

அப்புறம்தான் கணக்குப் போட்டேன். சுவருக்குச் சுவர் மோதித் திரும்பும் பேஸுக்குப் பத்தடி அகலத்தில் 56 ஹெர்ட்ஸ் பக்கம் ஒரு வீக்கம், பன்னிரண்டடியில் 47 பக்கம் இன்னொன்று. மூலையில் வைத்தால் இரண்டையும் சேர்த்துக் கிளப்பிவிடும். என் சோபாவுக்கு வந்தது குறைச்சல், பாட்டி கட்டிலுக்குப் போனது அதிகம். இரவு பத்து முதல் காலை ஆறு வரை குடியிருப்புப் பகுதிக்கு 45 டெசிபல்தான் வரம்பு என்று 2000ஆம் வருஷ ஒலி விதியிலேயே இருக்கிறது. பாட்டி அதையெல்லாம் எடுக்கவில்லை. இப்போது பத்து மணிக்கு மேல் சப்பை அணைத்துவிடுகிறேன்.

மயூர் விஹார் ஃபேஸ் ஒன், டெல்லி

அல்சூர் நண்பரே, மைக் வைத்தது தப்பு, ஒத்துக்கொள்கிறேன். ஆனால் டாக்டரிடம் கூட்டிப்போனதைக் குற்றமாக எழுதியிருப்பது சரியில்லை. வயதானால் முதலில் போவது மேல்ஸ்தாயி. 'ஸ', 'ஃப' போன்ற எழுத்துகளின் முனை மழுங்கிவிடும், உயிரெழுத்து மட்டும் நன்றாகக் கேட்கும். அதனால்தான் 'சத்தம் வருது, புரியல' என்பார்கள். என் அம்மாவுக்கும் இதே கதை. மெஷின் வைத்தோம், இப்போது பக்கத்து வீட்டுச் சண்டை வரை கேட்கிறது. என் அனுபவம் அவ்வளவுதான்.

மற்றவர்களுக்காகச் சில விஷயம், யாரும் தப்பாக எடுத்துக்கொள்ள வேண்டாம். மைக் உட்காருபவரின் காது உயரத்தில் இருக்க வேண்டும். கையில் பிடிக்கக் கூடாது, சோபா முதுகில் சாய்க்கக் கூடாது. கேமரா ஸ்டாண்ட் ஒன்று இருந்தால் அதில் மாட்டுங்கள். ஆடிஸி என்ற ஆட்டோ செட்டப் மென்பொருள் இருக்கிற ரிசீவரில் மாடலைப் பொறுத்து ஆறோ எட்டோ இடத்தில் அளக்கச் சொல்லும். முதல் இடம் முக்கியம், லெவலும் தூரமும் அங்கே எடுத்ததை வைத்துத்தான். ஒரே இடத்தில் எடுத்துவிட்டுப் 'போதும்' என்று அமுக்குகிறவர்கள்தான் பிறகு வந்து புலம்புவது.

அளந்து முடித்ததும் முதலில் பார்க்க வேண்டியது ஸ்பீக்கர் 'லார்ஜ்' என்று விழுந்திருக்கிறதா என்பதை. அலமாரியில் வைக்கிற அளவு புக்ஷெல்ஃப் ஸ்பீக்கரைக்கூடச் சில சமயம் லார்ஜ் என்று எடுத்துக்கொள்ளும். ஸ்மாலுக்கு மாற்றி க்ராஸ்ஓவரை, அதாவது எதற்குக் கீழே போனால் சப் வாசிக்க வேண்டும் என்ற எல்லையை, 80 ஹெர்ட்ஸ் வையுங்கள், தியேட்டர் ஒலிக்குத் தரம் வகுக்கிற டி.எச்.எக்ஸ் சொல்வதும் அதுதான். ஸ்மால் என்றால் கௌரவக் குறைச்சல் இல்லை, பேஸைச் சப்புக்கு அனுப்பு என்று அர்த்தம், அவ்வளவே. படத்திலேயே சப்புக்கென்று பதிந்து வரும் எல்.எஃப்.இ. தடத்துக்கு மெனுவில் தனியாக ஒரு வரி இருக்கும், அது 120இலேயே இருக்கட்டும், இரண்டையும் குழப்பிக்கொள்ளாதீர்கள். டிவியில் டிஜிட்டல் அவுட்புட் பி.சி.எம். என்று இருந்தால் ஏ.ஆர்.சி. (டிவி சத்தத்தைத் திருப்பி அனுப்பும் எச்.டி.எம்.ஐ. இணைப்பு) வழியாக ரிசீவருக்கு வருவது வெறும் ஸ்டீரியோ. அதை பிட்ஸ்ட்ரீம் என்றோ பாஸ்த்ரூ என்றோ மாற்ற வேண்டும். பெரிய சத்தத்தை அமுக்கி, சின்னதை ஏற்றுகிற நைட் மோட், டைனமிக் வால்யூம் இதெல்லாம் கலப்படம், தொடவே தொடாதீர்கள். சவுண்ட் இன்ஜினியர் கலந்து கொடுத்ததை நாம் ஏன் இஸ்திரி போட வேண்டும்?

மாட்டுங்கா, மும்பை

மயூர் விஹார் சார் எழுதியதைப் படித்ததும் என் வீட்டுக்காரரே எழுதிவிட்டாரோ என்று பேரைத் திரும்பப் பார்த்தேன். 'கலப்படம்', அதே வார்த்தை.

மே மாதம், மும்பை, ஃபேனை நிறுத்தியாயிற்று. ஃபேன் சத்தம் மைக்கில் ஏறுமாம். குழந்தைகள் பேசக் கூடாது, நான் நடக்கக் கூடாது. எட்டு இடத்தில் அளக்கிறார், கழுத்தில் துண்டு, நெற்றியில் வியர்வை. ஆறாவது இடத்தில் என் குக்கர் மூன்றாவது விசில் அடித்தது. திரையில் சத்தம் அதிகம் என்று எர்ரர். அவர் என்னைப் பார்த்த பார்வை இருக்கிறதே! பருப்பு வேக வேண்டாமா? அந்த இடத்தை மறுபடி எடுத்தார்.

அன்றைக்கு ராத்திரி, எல்லோரும் தூங்கின பிறகு, ஒரு படம் போட்டேன். பேசுவது கேட்க வால்யூமை ஏற்றினால் ஒரு கார் வெடிக்கிறது, இறக்கினால் மறுபடி முணுமுணுப்பு. ரிமோட்டை வைத்துக்கொண்டு ஏற்றி இறக்கியே கட்டைவிரல் வலித்தது. மெனுவைக் குடைந்து அந்த டைனமிக் வால்யூமை 'லைட்' என்று வைத்தேன். காலையில் திரும்ப அணைக்க மறந்துபோனேன்.

அது ஒன்றரை வருஷம் ஆகிறது. போன தீபாவளிக்கு அவர் ஆபீஸ் நண்பர்கள் வந்திருந்தார்கள். "எதையும் அமுக்காம அப்படியே வருது பாருங்க, இதுக்குத்தான் நான் நைட் மோட் பக்கமே போறதில்ல" என்று அரை மணி பேசினார். நான் முறுக்குத் தட்டை எடுத்துக்கொண்டு உள்ளே போய்விட்டேன். இன்னும் சொல்லவில்லை. சொல்லலாமா என்றுதான் இங்கே எழுதுகிறேன்.

அல்சூர் சார், நீங்கள் அப்பாவிடம் சொன்னீர்களா?

முருகேஷ்பாளையா, பெங்களூரு

மேடம், சொல்லாதீர்கள்.

என் கதை அளவு நாடாவால் வந்தது. ஆட்டோ செட்டப் சப்வூஃபர் தூரம் 13.5 அடி என்று காட்டியது. நாடா வைத்து அளந்தால் ஏழடி. மிஷினுக்கு என்ன தெரியும் என்று நானே ஏழு என்று திருத்தினேன். பெருமையாக ஃபோட்டோகூட எடுத்து வைத்தேன்.

டிசம்பரில் கச்சேரி போட்டால் மிருதங்கத்தில் வலது முகமான வலந்தலை 'டிங்' என்று தெளிவாக வருகிறது, பேஸ் தரும் இடது முகமான தொப்பியைக் காணோம். வித்வான் இடது கையால் வாசிக்கிறார், கண்ணுக்குத் தெரிகிறது, காதுக்கு இல்லை. ஸ்பீக்கர்தான் மோசம் என்று மாற்ற விலைகூட விசாரித்துவிட்டேன்.

விஷயம் இதுதான்: அந்த 13.5 தரைத் தூரம் இல்லை. சப்புக்குள் இருக்கிற ஃபில்டர் ஒலியைக் கொஞ்சம் தாமதமாக அனுப்பும், ரிசீவர் அந்தத் தாமதத்தையும் தூரமாக எழுதிக்கொள்ளும். ஓரடிக்குச் சுமார் 0.9 மில்லிசெகண்ட். நான் தூக்கிப்போட்ட ஆறரை அடி கிட்டத்தட்ட 6 மில்லிசெகண்ட். 80 ஹெர்ட்ஸில் ஒரு அலை 12.5 மில்லிசெகண்ட், அதில் பாதி எவ்வளவு என்று பாருங்கள். அரை அலை பிசகியதால் ஃப்ரண்ட் காற்றைத் தள்ளும்போது சப் இழுக்கிறது, ஒன்றை ஒன்று அழித்துவிடுகிறது. தொப்பி அங்கேயேதான் கரைந்து போயிருக்கிறது. 13.5 என்று திரும்பப் போட்டேன், வந்துவிட்டது. அந்த ஃபோட்டோவை அழித்துவிட்டேன்.

சயான் கோலிவாடா, மும்பை

மயூர் விஹார் சார், 80 எல்லாருக்கும் இல்லை. என் செட்டில் சாட்டிலைட் என்கிற குட்டி ஸ்பீக்கர், மூணு இஞ்சு. உங்களை மாதிரி ஒருத்தர் சொன்னார் என்று 80 வைத்தேன், ஹீரோ பேசினால் டெலிபோனில் பேசுகிற மாதிரி, நெஞ்சே இல்லாத குரல். 150 வைத்த பிறகுதான் ஆம்பளைக் குரல் ஆம்பளைக் குரலாக வந்தது. டப்பா ஸ்பீக்கர்க்காரனும் இங்கே இருக்கிறான் என்பதை மறந்துவிட்டு எழுதாதீர்கள்.

மயூர் விஹார் ஃபேஸ் ஒன், டெல்லி

நான் புக்ஷெல்ஃப் என்று எழுதியிருக்கிறேன். படித்துவிட்டுப் பேசுங்கள். மாட்டுங்கா மேடம், லைட் பரவாயில்லை. ஹெவிதான் கலப்படம்.

கரோல் பாக், டெல்லி

செட்டிங் விஷயம் இல்லைதான், ஆனாலும். நியூஜெர்சி அத்தை பையன் ஊருக்கு வரும்போது அவன் பழைய ரிசீவரைத் தூக்கிக்கொண்டு வந்தான். அது 120 வோல்ட். நான் 230இல் சொருகினேன். 'பட்' என்று ஒரு சத்தம், அப்புறம் கருகல் வாசனை. அடுப்பில் பால் பொங்கிவிட்டது என்று மனைவி சமையலறைக்கு ஓடினாள். மெனுவைப் பார்க்கும் பாக்கியமே எனக்குக் கிடைக்கவில்லை. பின்பக்கம் வோல்டேஜ் என்ன எழுதியிருக்கிறது என்று முதலில் பாருங்கள்.

அல்சூர்வாசி, பெங்களூரு

மாட்டுங்கா மேடம், அப்பாவிடம் இன்னும் சொல்லவில்லை. போன ஞாயிறு போனில் ஆரம்பித்தேன், அவர் காவிரியில் தண்ணீர் வந்ததைப் பற்றிப் பேச்சை மாற்றினார், விட்டுவிட்டேன். மயூர் விஹார் சார், மெஷின் வாங்கவில்லை. டாக்டர் சீட்டு ஃப்ரிட்ஜ் மேல் இருக்கிறது, நீங்கள் சொன்னதற்காக மறுபடி ஒரு தடவை காட்டுகிறேன்.

பொங்கலுக்கு வருகிறார். அவர் உட்காரும் இடது ஓரத்தில் ஸ்டாண்ட் வைத்து, அவர் காது உயரத்துக்கு மைக்கை ஏற்றி, நேற்று திரும்ப அளந்தேன். சென்டர் 3.2 மீட்டர், மைனஸ் 1. அவருக்காக இரண்டு ஏற்றி ப்ளஸ் 1இல் விட்டிருக்கிறேன். ஒரே தொல்லை, டிவி ஆப்பில் அந்த இங்கிலீஷ் சப்டைட்டில் ஒவ்வொரு படத்துக்கும் தானாக வந்து நிற்கிறது. ஒரேயடியாக அணைக்க வழி தெரிந்தவர்கள் சொல்லுங்கள், பன்னிரண்டாம் தேதிக்குள்.